தார்ப்பாய் சார் எங்கே போகிறார்?

சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கூடாரத்தில் குடியிருக்கப் போகிறவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறார். இருக்கிறார் என்றால், வருஷத்தில் எட்டு மாதம். மீதி நான்கு மாதம் அவர் எங்கே போகிறார், என்ன செய்கிறார், யாரோடு செய்கிறார் என்று கண்டுபிடிக்க நான் போட்ட உழைப்பைப் படிப்பில் போட்டிருந்தால் இந்நேரம் டாக்டர் பட்டமே வாங்கியிருப்பேன்.

நான் சந்தேகப்பிராணி. அதை ஒளிப்பதற்கில்லை. ஆனால் அது என் குணமில்லை, உத்தியோகம். கல்கத்தா அலிப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் சான்றிதழ் சரிபார்க்கும் வேலை எனக்கு. ஒருவர் நேரில் வந்து நின்று "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று சொன்னால் அதற்கும் அத்தாட்சி கேட்க வேண்டும். காலை முதல் மாலை வரை இப்படிப் பழகிய கண், டாக்குரியா ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் தானாக மூடிக்கொள்ளுமா? மீன்காரர் தராசைச் சந்தேகிப்பேன். பால் பாக்கெட்டைச் சந்தேகிப்பேன். என்னைக் கட்டிய வீட்டுக்காரர் தினமும் லேக்கைச் சுற்றி நடப்பதாகச் சொல்கிறாரே, நிஜமாக நடக்கிறாரா, பெஞ்சில் உட்கார்ந்து கச்சோரி சாப்பிடுகிறாரா என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கச்சோரிதான்.

எங்கள் கட்டிடத்தில் எட்டு வீடு. ஆறு வங்காளிக் குடும்பங்கள், இரண்டு தமிழ் வீடுகள். தண்ணீர் பம்பின் சாவியை வைத்துக்கொள்ள வேறு யாரும் முன்வராததால் கட்டிடத்துக்கு நான்தான் செக்ரட்டரி. மேல்வீட்டுக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. தபால் பெட்டியில் எழுதியிருந்தது, இரண்டு மழைக்காலத்தில் அழிந்துபோயிற்று. மொட்டை மாடியில் அவர் எந்நேரமும் ஒரு நீலத் தார்ப்பாயைத் துவைத்துக் காயப்போடுவதால் தரைத்தளத்து பௌதி அவரை த்ரிபல்-தா என்று கூப்பிட ஆரம்பித்தாள். பௌதி என்றால் அண்ணி. அந்தக் கட்டிடத்தில் அவள் எல்லாருக்குமே அண்ணி. த்ரிபல் என்றால் தார்ப்பாய், தா என்றால் அண்ணன். நாங்கள் தமிழில் மரியாதை சேர்த்து தார்ப்பாய் சார் ஆக்கிக்கொண்டோம்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அப்பா கல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்து அந்த வீட்டை வாங்கிவைத்துப் போனார். மகன் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு ஐம்பது வயதானபோது கம்பெனியை இழுத்து மூடினார்கள். மற்றவர்கள் வேறு வேலை தேடி அலைந்தார்கள். இவர் ஒரு வாரம் வீட்டுக்குள் உட்கார்ந்து, ஒரு மனிதன் இருக்கவும் படுக்கவும் சமைக்கவும் எவ்வளவு இடம் வேண்டும் என்று டிரேசிங் பேப்பரில் படம் போட்டுப் பார்த்தாராம். ஏழடிக்கு ஐந்தடி என்று வந்ததாம். அந்த வருஷம் தீபாவளியோடு வருகிற காளிபூஜை முடிந்த மறுநாள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பியவர்தான்.

கிளம்பினால் ஹோலிக்குத்தான் வருவார். அந்த நான்கு மாதமும் வீட்டில் வேறு யாராவது இருப்பார்கள். பெரும்பாலும் வெளியூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்த குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்தையும் நான் டீ கொடுத்து விசாரிப்பேன். வீட்டுச் சொந்தக்காரரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பேன். அவர் அரிசி, பருப்பு எல்லாம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பக்கத்து மருந்துக்கடைகளின் விவரத்தைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார், தெய்வம் மாதிரி மனிதர் என்பார்கள். இப்படிப் பேர் வாங்கிவைத்திருக்கிறாரே, எதற்காக இருக்கும் என்று எனக்கு இன்னும் உறுத்தும்.

திரும்பி வரும்போது ஆள் கரிக்கட்டை மாதிரி இருப்பார். தாடி நெஞ்சு வரை தொங்கும். உடம்பில் பூச்சிக்கடித் தழும்பு. அதெல்லாம் போகட்டும், முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. மார்ச் மாதக் கல்கத்தாவில் ஒரு மனிதன் சந்தோஷமாக இருந்தால் அவன் ஏதோ செய்திருக்கிறான் என்று அர்த்தம்.

எங்கே போய்வந்தீர்கள் என்று கேட்டால் அந்தமான் என்பார். சரி, அந்தமானில் எங்கே? "ஒரு சின்னத் தீவு." அங்கே யார் வீட்டில்? "வீடு எதுக்கு, கூடாரந்தான்." நான்கு மாதமும் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்கு விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "நேரம் சரியா இருக்கும், பாத்துக்கிடுங்க" என்பார். எங்கள் ஆபீஸில் இப்படி ஒருவர் பதில் சொல்லியிருந்தால் அவருடைய ஃபைல் வெளிச்சத்தையே பார்த்திருக்காது.

ஊரில் இருக்கும் எட்டு மாதமும் ஒத்திகை நடக்கும். ஆடி மழை கொட்டும்போது மொட்டை மாடியில் கூடாரம் அடித்து உள்ளே உட்கார்ந்திருப்பார், எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க. பளு குறைய வேண்டும் என்று பல்தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக நறுக்குவார். மளிகைக்கடைத் தராசில் தன் ஸ்பூனை நிறுத்துப் பார்த்தவர் அவர். ஒரே குக்கரில் சோறும் பருப்பும் முருங்கைக்காயும் வெந்து, ஒன்றின் வாசம் இன்னொன்றில் ஏறாமல் எடுப்பது எப்படி என்று ஆறு மாதம் ஆராய்ச்சி நடந்தது. வெற்றி பெறவில்லை. ஆராய்ச்சியின் முடிவுகளை எங்களுக்குத்தான் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுப்பார்.

ஒரு வருஷம் மாடியில் கருவாடு காயப்போட்டார். கட்டிடம் இரண்டாகப் பிளந்தது. பூர்வீகம் கிழக்கு வங்காளமாக உள்ள மூன்று வீடுகளும் அது சொர்க்கத்தின் வாசம் என்றன. மற்ற மூன்று வீடுகளும் போலீஸுக்குப் போவோம் என்றன. செக்ரட்டரி என்ற முறையில் கூட்டம் போட்டேன். ஐம்பது வருஷப் பக்கத்து வீட்டுக்காரர்கள், எந்த ஊர்க்காரன் எதைத் தின்பான் என்று ஒருவரையொருவர் பார்த்துப் பேசக்கூடாததெல்லாம் பேசினார்கள். தார்ப்பாய் சார் கடைசி வரை ஓரத்தில் நின்றார். கூட்டம் முடிந்ததும் கருவாட்டை இறக்கி ஆதரவாளர்கள் மூன்று வீட்டுக்கும் சமமாகப் பங்கிட்டார். எதிர்ப்பாளர்களுக்கு ஆளுக்கு ஒரு டப்பா சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். இரண்டு கட்சியும் அவரைப் புகழ்ந்தது. எனக்கு மட்டும், இவ்வளவு பக்குவமான ஆள் எதையோ மறைக்கப் பழகினவராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆதாரங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரு நாள் மாடிப்படியில் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: "போனதும் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் நாலு மாசம் யார் தொல்லையும் கெடையாது." போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறவர்கள் யார்? ஜாமீனில் இருப்பவர்கள். அன்றைக்கு நான் சாதம் வடிக்க மறந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, ஜாமீனில் இருப்பவனை எந்தக் கோர்ட்டு கடற்கரைக்கு அனுப்பும் என்று கேட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். பாங்க்கில் வேலை பார்த்த மனிதருக்கு இவ்வளவு வெள்ளை மனசு ஆகாது.

அடுத்தது சேலை. காளிபூஜைக்கு முந்தின வாரம் கரியாஹாட் கடைத்தெருவில் தார்ப்பாய் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூன்று கடை தள்ளி நின்று நான் பார்த்துக்கொண்டேன். அவர் பொம்பளைச் சேலை வாங்கிக்கொண்டிருந்தார். ஒன்றல்ல, இரண்டு. பச்சையில் சிவப்புக் கரை போட்டது ஒன்று, கடுகு நிறம் ஒன்று. வெளிச்சத்தில் பிடித்து, முந்தானையை உதறி, சாயம் போகுமா என்று கேட்டு, கட்டிக்கொள்ளப் போகிறவளை மனசில் வைத்து வாங்குகிற மாதிரி வாங்கினார். நான் வீட்டுக்கு வந்து பௌதியிடம் சொன்னேன். பௌதி வெற்றிலையை மென்றுகொண்டே, தீவில் ஒரு சம்சாரம் இருக்கிறது, ஒருவேளை இரண்டு, சேலை இரண்டாயிற்றே என்றாள்.

அந்த வருஷம்தான் எனக்கு ரிட்டையர்மென்ட். மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சந்தேகப்பட இத்தனை வருஷம் ஊரெல்லாம் ஆள் இருந்தது. இப்போது ஒரே ஒரு தார்ப்பாய் சார்தான் மிச்சம். அவர் காளிபூஜை முடிந்து கிளம்பிய பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. தூத்துக்குடியில் அவருக்கு ஓர் அக்கா உண்டு என்று தெரியும். விலாசம் என் செக்ரட்டரி ரிஜிஸ்டரில் இருந்தது. உங்கள் தம்பி அந்தமானில் ஒரு குடும்பம் வைத்திருப்பதாகத் தெரிகிறது, விசாரிப்பது நல்லது என்று அந்த அம்மாளுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். எழுதினது நான்தான் என்று கீழே கையெழுத்தும் போட்டேன். மொட்டைக் கடுதாசியை நான் ஆபீஸில் என்றைக்கும் ஏற்றுக்கொண்டதில்லை.

பதில் வரும் என்று பார்த்தேன். அக்காவே வந்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம் டாக்ஸி வந்து நின்றது. வெள்ளைச் சேலை, இறுக முடிந்த கொண்டை, அறுபத்தெட்டு வயது. ஒரு துணிப்பை, ஒரு டிரங்குப்பெட்டி. வீட்டுக்காரரை இழந்து பத்து வருஷம் ஆகிறதாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்தத் தீவுக்குக் கப்பல் எப்போது என்று கேட்டாள். தனக்கு வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது, எழுதினது நீங்கள், நீங்கள்தான் கூட வரவேண்டும் என்றாள். எங்கள் வீட்டுக்காரர் உடனே, தாராளமாகப் போய்வரட்டும் என்றார். அவர் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததை நான் மனசில் குறித்து வைத்துக்கொண்டேன்.

கிதிர்பூர் துறையில் கப்பல் ஏறினோம். போர்ட் பிளேருக்கு மூன்றரை நாள். விமானத்தில் இரண்டரை மணி நேரம் என்பது உண்மைதான், ஆனால் தம்பி எப்படிப் போனானோ அப்படியேதான் நாமும் போகவேண்டும், அப்போதுதான் அவன் என்ன நினைக்கிறான் என்று புரியும் என்று அக்கா சொல்லிவிட்டாள். துப்பறியும் விஷயத்தில் அவள் என்னைவிட ஒரு படி மேல். கப்பலின் அடித்தட்டில் அடுக்குப் படுக்கைகள். ஆறு தாண்டிக் கடலுக்குள் போனதும் நான் படுத்தவள்தான். குடல் வாய்க்கு வந்தது. அக்காவுக்கு ஒன்றும் செய்யவில்லை. என் தலையை மடியில் பிடித்துக்கொண்டு, வாளியை ஏந்தி, எலுமிச்சங்காயை முகரவைத்து, மூன்று நாளும் பார்த்துக்கொண்டாள். முதல் நாள் என்னை "நீங்க" என்றாள். இரண்டாம் நாள் "நீ". மூன்றாம் நாள் "ஏட்டி". என் வாந்தியைச் சுமந்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

ஆனால் தம்பியைப் பிடித்ததும் என்ன செய்யப்போகிறாள் என்று மட்டும் சொல்லவே இல்லை. இடுப்பில் ஒரு சுருக்குப்பை செருகியிருந்தாள். குளிக்கும்போதுகூட அதைக் கழற்றவில்லை. விஷமாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன். என் புத்தி அப்படி.

போர்ட் பிளேரிலிருந்து சர்க்கார் படகு. எந்தத் தீவு என்பது தம்பி அனுப்பிய பொங்கல் வாழ்த்தின் தபால் முத்திரையில் இருந்தது, அக்கா அதைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். தீவின் பெயரை எழுத மாட்டேன் என்று தார்ப்பாய் சாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுதினால் நாளைக்கே கூட்டம் வந்து குப்பை போடும் என்று அவருக்குப் பயம். படகுத்துறை டீக்கடையில் இருந்தவர் வங்காளி. அந்தத் தீவில் பாதிப் பேர் வங்காளிகள்தான், அந்தக் காலத்தில் கிழக்கு வங்காளத்திலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள். கல்கத்தாவிலிருந்து வந்து கூடாரம் போடுகிறவர் எங்கே என்று கேட்டேன். கரையோடு நடங்கள், நீலமாகத் தெரியும் என்றார்.

நடந்தோம். அரை மணி நேரம் கழித்துத் தாழம்புதருக்குப் பின்னால் நீலம் தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். நூற்று இருபத்தெட்டு வயது ஆகும் எங்கள் இருவருக்குமாக. ஆளுக்கொரு செருப்பு ஜோடியைக் கையில் பிடித்துக்கொண்டு புதருக்குள் தவழாத குறையாகப் போய் எட்டிப் பார்த்தோம்.

கூடாரத்தின் வாசலில் தார்ப்பாய் சார் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். கட்டியிருந்தது பச்சைச் சேலை, சிவப்புக் கரை. அவளுடைய கையை அவர் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதினோரு வருஷ உழைப்பு. பலித்துவிட்டது. அக்காவின் விரல் என் மணிக்கட்டில் பதிந்தது.

அப்போது அந்தப் பெண் திரும்பினாள். வயது எழுபத்தைந்து இருக்கும். வாயில் ஒரு பல்லும் இல்லை. விரலில் தூண்டில் முள் ஏறியிருந்தது, இவர் அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டடி தள்ளி அவளுடைய புருஷன் வலையைப் பின்னிக்கொண்டு, மெதுவாக இழு, மெதுவாக இழு என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

செருப்பும் கையுமாகப் புதரை விட்டு வெளியே வந்து விசாரித்தோம். கூடாரம் நின்ற தென்னந்தோப்பு அவர்களுடையது. தார்ப்பாய் சார் அவளைக் காக்கிமா என்று கூப்பிட்டார், சித்தி என்கிற மாதிரி. பணமாக அவர்கள் வாடகை வாங்குவதில்லை. தீவில் கிடைக்காததெல்லாம் கல்கத்தாவிலிருந்து அவர் கொண்டுவந்து தரவேண்டும்: அவளுக்கும் மருமகளுக்கும் ஆளுக்கு ஒரு சேலை, கிழவருக்குக் கண்ணாடி, தூண்டில் முள், கருஞ்சீரகம். அரிசியும் பருப்பும் இவர் செலவு. மீன் கடல் செலவு. தேங்காய் காற்றின் செலவு. நாங்கள் பால் வாங்குகிற காசில் இந்த மனிதர் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தார். போலீஸ் ஸ்டேஷன் கையெழுத்து என்ன ஆயிற்று என்றால், வெளியூர்க்காரர் யார் வந்து நாள்கணக்கில் தங்கினாலும் அவுட்போஸ்ட் நோட்டில் பெயர் எழுத வேண்டுமாம். காக்கிமாவின் மகனே கூடப் போய் விவரத்தை எழுதிவிடுவானாம், இவர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா மணலில் உட்கார்ந்து அழுதாள். தம்பி யோக்கியன் என்று தெரிந்த ஆனந்தம் என்றுதான் நான் நினைத்தேன். அவள் சுருக்குப்பையை அவிழ்த்துக் கொட்டினாள். உள்ளே இரண்டு தங்க வளையல்.

"அம்மா சாகும்போது குடுத்தது. இவன் பொண்டாட்டி கையில போடணும்னு சொல்லிக் குடுத்தா. அந்தக் கடுதாசியப் பாத்து எனக்குக் கோவமே வரல, ஏட்டி. அப்பாடா, எவளோ ஒருத்தி இருக்காளேன்னு ஓடி வந்தேன். எந்த சாதியா இருந்தா என்ன, போட்டுவிட்டுட்டு வந்துருவோம்னு வந்தேன். இங்க வந்து பாத்தா ஒருத்தியும் இல்லியே."

என் வாழ்க்கையில் ஒரு சந்தேகம் பொய்த்ததற்காக ஒருவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். தார்ப்பாய் சார் அடுப்பை மூட்டி டீ போட்டார். கடுதாசி யார் எழுதினது என்றுகூடக் கேட்கவில்லை. முதலில் அக்காவுக்கு, பிறகு எனக்கு, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார். சிரட்டை சரிந்ததில் பாதி டீயை என் சேலை குடித்தது.

மறுநாளே திரும்புவதாக ஏற்பாடு. காற்று அதிகம், படகு கிடையாது என்று துறையில் எழுதிப் போட்டுவிட்டார்கள். ஆறு நாள் மாட்டிக்கொண்டோம். காக்கிமா வீட்டில் படுக்கை, பகலெல்லாம் கூடாரத்தில். மணல் ஈ என்று ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கடித்தால் நாலு நாள் சொறிய வேண்டும். தென்னை மரத்தடியில் உட்காரக்கூடாது, தேங்காய் தலையில் விழும் என்று கூடாரத்தைத் தள்ளிப் போட்டிருந்தார். கடல் ஏறும் கோட்டுக்கு மேலே எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம், எல்லாவற்றுக்கும் படம் வைத்திருந்தார். ஒழுங்கான மனிதர்தான். அதனால்தான், விடிந்ததும் அவர் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு தாழம்புதருக்குப் பின்னால் போய்ப் புதைப்பதைப் பார்த்தபோது எனக்குப் பழைய ரத்தம் கொதித்தது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தோண்டினேன். உள்ளே ரவை, பெருங்காயம், அரைக் கட்டு அப்பளம். நிமிர்ந்தால் அவர் துண்டோடு நிற்கிறார். எலியும் நண்டும் டின்னை உருட்டிக்கொண்டு போய்விடும், அதனால் புதைக்கிறேன் என்றார். பிறகு, தோண்டினது தோண்டினீர்கள், அப்படியே இரண்டு அப்பளம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கடிதம் எழுதினது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பளத்தைத் தணலில் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"பதினோரு வருஷமா நான் கெளம்பும்போது உங்க ஜன்னல்ல கர்ட்டன் ஆடும். வரும்போதும் ஆடும். ஒரு வருஷம் நீங்க ஊர்ல இல்ல, கர்ட்டன் ஆடல. வீட்டுக்கு வந்து சேந்த மாதிரியே இல்ல, பாத்துக்கிடுங்க."

நான் எதற்காக அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அக்கா அவ்வளவு சுலபமாக விடுவதாக இல்லை. வீட்டை விற்றுவிட்டு என்னோடு தூத்துக்குடிக்கு வந்துவிடு என்று பிடிவாதமாக இருந்தாள். உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். இரண்டு நாள் இந்தக் கேள்வி கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அக்கா சமைத்துக்கொண்டே கேட்பாள், அவர் இன்னொரு கரண்டி சோறு கேட்பார். மூன்றாம் நாள் அவர் டிரேசிங் பேப்பர் சுருள் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கி, கயிறு போட்டுக் கட்டுவதைப் பார்த்தேன். அக்காவின் பேச்சைத் தட்ட முடியாமல் கிளம்புவதற்குத் தயாராகிறார் என்று புரிந்தது. என் கடுதாசி ஒரு மனிதரை அவருடைய இடத்திலிருந்து பிடுங்கி எறியப்போகிறது. தட்டுச் சோற்றை நண்டுகளுக்குக் கொட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் காக்கிமா குளிக்கக் கடலுக்குப் போனாள். பாஷை தெரியாத அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அக்கா கடற்கரை ஊரில் பிறந்து, கடற்கரை ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஆனால் கணுக்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டதில்லை. சின்ன வயதில் தம்பி நீச்சல் அடிக்கும்போது இவள் கரையில் நின்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பாளாம். பொம்பளைப் பிள்ளை இறங்கக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. இதை தார்ப்பாய் சார் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா முழங்கால் வரை போனாள். இடுப்பு வரை போனாள். ஒரு அலை வந்து கழுத்து வரை மூடியது. நான் பயந்து எழுந்தேன். அவர் என்னைக் கையமர்த்தினார்.

ஒரு மணி நேரம் அவள் வெளியே வரவில்லை. இரண்டு கிழவிகளும் தண்ணீருக்குள் கைகோத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். வந்தபோது கொண்டை அவிழ்ந்து முதுகெல்லாம் முடி. மணலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, கடலையே பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்து, அந்தத் தார்ப்பாயில் இன்னொன்று என்ன விலை என்று கேட்டாள்.

அவர் சுருக்குப்பையை எடுத்து வந்தார். சும்மா பெட்டியில கெடக்கதுக்கு நீயே போட்டுக்கோ என்றார். பத்து வருஷமாக வெறுங்கையாக இருந்தவள் வேண்டாம், வேண்டாம் என்றாள். காக்கிமா விடவில்லை. வளையல் மணிக்கட்டில் ஏறவில்லை. சோப்புப் போட்டு, நான் ஒரு கையையும் காக்கிமா இன்னொரு கையையும் பிடித்து, தார்ப்பாய் சார் திருக, அக்கா எங்கள் மூன்று பேரையும் திட்ட, ஒருவழியாக ஏறியது. பிறகு அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே தவிர, கழற்றச் சொல்லவில்லை.

படகு வந்ததும் நான் மட்டும் திரும்பினேன். கிளம்பும்போது, உண்மையைச் சொல்லுங்கள் சார், எதற்காக இங்கே வருகிறீர்கள் என்று கடைசியாக ஒரு தடவை கேட்டேன். "குளிர்காலத்துல கல்கத்தாவுல எல்லாரும் பிக்னிக் போறாங்கல்லா? நான் கொஞ்சம் நீளமாப் போறேன்" என்றார். அவ்வளவுதானாம். நான் இன்னும் முழுசாக நம்பவில்லை.

அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது காளிபூஜை முடிந்ததும் இரண்டு பேராகக் கிளம்புகிறார்கள். கூடாரமும் இரண்டு. தூத்துக்குடியிலிருந்து அக்காவின் மருமகள் எனக்குப் போன் செய்து, அத்தையை அங்கே என்னதான் செய்கிறார்கள், திரும்பி வந்தால் சிரித்துக்கொண்டே இருக்கிறாளே என்று சந்தேகமாகக் கேட்கிறாள். எனக்கு அந்தக் குரல் மிகவும் பழக்கமானதாக இருக்கிறது.

இந்த வருஷம் ஹோலி முடிந்து ஐந்து நாள் ஆகியும் கப்பல் வரவில்லை. வங்காள விரிகுடாவில் வானிலை சரியில்லை என்று டிவியில் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரர் வந்துவிடும், வந்துவிடும் என்கிறார். நேற்றுக் காலையிலிருந்து துறைமுகத்துக்கு நாலு தடவை போன் செய்துவிட்டேன். நாலாவது தடவை எடுத்த பையன், பயணிகள் விவரத்தைச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் சொல்ல முடியும், அவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டான். அவன் கேட்டது சரிதான், அவன் இடத்தில் இருந்தால் நானும் அத்தாட்சி கேட்டிருப்பேன்.

தங்கை என்று சொன்னேன்.